வேலிக்குள்ளேயே நிற்கும் லேசர்

வடசென்னை இரும்பை வெட்டிப் பிழைத்த ஊர். அதற்கு 1955 ராசியான ஆண்டு. பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைக் கோக்கத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது, திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு இந்தியா உருவானது எல்லாம் அந்த ஒரே ஆண்டில்தான். இந்தப் பெரிய ஆலைகளை நம்பி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சந்துக்குச் சந்து லேத் பட்டறைகள் முளைத்தன. அந்தப் பட்டறைகளில் தகடு வெட்டுவது என்றால் கேஸ் கட்டிங், ஷியரிங் மெஷின், பவர் பிரஸ், கடைசியில் பிசிறு எடுக்க கிரைண்டர். இன்று அந்த வேலையில் ஒரு நல்ல பங்கை லேசர் எடுத்துக்கொண்டுவிட்டது. லேசர் ஒளிக்கு இரண்டு தொழில் தெரியும். பொருளை வெட்டும், துளைக்கும், ஒட்டும். பொருளைத் தொடாமலே அது இன்னதென்று கண்டும் சொல்லும். முதல் தொழிலுக்காக நம் ஆலைகள் லேசரைத் தாராளமாக வரவேற்றன. இரண்டாவது தொழிலையும் ஒதுக்கவில்லை, தங்கள் உற்பத்தி கெடாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அதையும் பயன்படுத்துகின்றன. அதே ஒளியை மதிலுக்கு வெளியே, குப்பங்களின் பக்கம் திருப்பிவைப்பதில்தான் தயக்கம். திருப்பிவைக்க வேண்டும், அதற்கான நுட்பம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, தடையாகச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை ஆராய்ந்து பார்த்தால் நிற்காதவை என்பதே இங்கே நான் சொல்லவருவது.

முதலில் வெட்டும் லேசரைப் பார்த்துவிடுவோம். 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தபோது, இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று அவருடைய உதவியாளரே கேலி பேசினாராம். ஐந்தே ஆண்டில் அதற்கு வேலை கிடைத்தது. தாமிரக் கம்பி இழுக்கும் ஆலைகளில் கம்பியை வைர அச்சின் துளை வழியாக இழுத்துத்தான் மெல்லியதாக்குவார்கள். வைரத்தில் அந்தத் துளையைப் போடுவது பெரும்பாடு. 1965இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் அந்த வேலையை மாணிக்க லேசரிடம் கொடுத்தது. ஆனால் இரும்புத் தகட்டை நீளநீளமாக வெட்ட விட்டுவிட்டு மின்னும் மாணிக்கம் போதாது, தொடர்ந்து பாயும் ஒளி வேண்டும். அதைக் கொடுத்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த குமார் படேல். 1964இல் அவர் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவிலிருந்து லேசர் ஒளியை எடுத்தார். தொடக்கத்தில் கிடைத்த திறன் மில்லிவாட் கணக்கில்தான். அதோடு நைட்ரஜனையும் ஹீலியத்தையும் கலந்ததும் திறன் மளமளவென ஏறியது. 1967 மே மாதத்தில் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் என்பவர் 300 வாட் கார்பன்-டை-ஆக்சைடு லேசரோடு ஆக்சிஜன் பீற்றையும் சேர்த்துப் பாய்ச்சி, 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். இன்று உலகெங்கும் தகடு வெட்டும் லேசர் எந்திரங்களுக்கெல்லாம் அந்த ஒரு வெட்டுதான் பிள்ளையார் சுழி.

இந்த நுட்பம் நம் பக்கம் ஏன் நிலைத்தது என்பதற்குப் பெரம்பூர் ஐ.சி.எஃப். நல்ல சான்று. அங்கே பழைய வடிவப் பெட்டிகள் 2018 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. அதற்குப்பின் வருபவை துருப்பிடிக்காத எஃகால் ஆன பெட்டிகள், வந்தே பாரத் உட்பட. துருப்பிடிக்காத எஃகை ஆக்சிஜன் கேஸ் கட்டிங்கால் வெட்ட முடியாது. சாதாரண எஃகில் ஆக்சிஜன் பட்டதும் இரும்பு எரிந்து, உருகிய ஆக்சைடாக வழிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகிலோ எளிதில் உருகாத குரோமியம் ஆக்சைடு படலம் எழும்பி வழியை மறித்துவிடும். அதோடு, தீச்சுவாலை படரும் இடமெல்லாம் மெல்லிய தகடு நெளிந்து போகும். லேசருக்கு இரண்டு தொல்லையும் இல்லை. 2 கிலோவாட் ஒளியை 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் குவித்தால், அந்தப் புள்ளியில் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கோடி வாட்டுக்கும் மேல் விழும். உச்சி வெயிலில் அதே பரப்பில் விழுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. எஃகு உருகுவதும் ஆவியாவதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். உருகியதை நைட்ரஜன் பீற்று கீழே ஊதித் தள்ளிவிடும். வெட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். கிரைண்டருக்கு வேலையே இருக்காது. கண்ணாடி இழைக்குள்ளேயே லேசரை உண்டாக்கும் ஃபைபர் லேசர் வந்தபின் மின்செலவும் சரிந்தது. படேலின் வாயு லேசர், உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஒளியாக்கும். ஃபைபர் லேசர் மூன்றில் ஒரு பங்கை ஆக்கிவிடும்.

எந்திரம் வெட்டுவதைவிட, வெட்டும்போது அது எப்படித் தன்னைத்தானே கண்காணித்துக்கொள்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. ஃபைபர் லேசர் எந்திரத்தின் தலையில் செம்பு நாசில் ஒன்று இருக்கும். அதற்கும் தகட்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். தகடு கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் நாசிலில் உள்ள மின் உணரி அதைக் கண்டுகொண்டு தலையை ஏற்றி இறக்கும். வெட்டு தொடங்குமுன் முதல் துளை விழ வேண்டும். தகட்டின் மேலே தெறிக்கும் பொறியின் ஒளியை ஓர் உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். துளை அடிப்பக்கம் வரை போனதும் பொறி கீழ்நோக்கிப் போய்விடுவதால் மேலே ஒளி குறையும். அந்தக் கணமே எந்திரம் வெட்டத் தொடங்கும். லேசர் வெல்டிங்கிலும் இதே கதைதான். உருகிய குழம்பிலிருந்து வரும் ஒளியை உணரிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, ஒட்டில் குறை தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துவைக்கும், இல்லையென்றால் எந்திரத்தையே நிறுத்திவிடும். சில ஆயிரம் ரூபாய் பெறும் தகடு ஒன்று வீணாகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அந்த அக்கறையில் தவறில்லை. வேலிக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தப் பங்கைக் கேட்பது அறிவியலை மீறிய பேராசை அல்ல என்பதற்கு அதே குமார் படேலே சாட்சி. வெட்டும் லேசருக்கு வித்திட்ட அவர் 1971இல் லாய்ட் குரூஸர் என்பவரோடு சேர்ந்து காற்று மாசை அளக்கும் லேசர் முறையொன்றை வெளியிட்டார். வாயு நிரம்பிய குழாய்க்குள் லேசரை விட்டுவிட்டுப் பாய்ச்ச வேண்டும். ஒளியை விழுங்கும் மூலக்கூறுகள் சூடேறி விரியும், ஒளி நின்றதும் சுருங்கும். அந்தத் துடிப்பு ஒலியாக எழும், மைக்ரோஃபோன் ஒன்று அதைக் கேட்கும். பொருள்கள் இப்படி ஒளிபட்டு ஒலிப்பதை 1880இலேயே கவனித்தவர் தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல். லேசர் வந்தபிறகுதான் காற்றில் கலந்த சொற்ப வாயுவையும் அளக்கும் அளவுக்கு அந்த ஒலி வலுத்தது. வாகனப் புகையிலும் சாலையோரக் காற்றிலும் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்பதைப் படேல் இந்த வழியில் அளந்தார். ஒவ்வொரு வாயுவும் குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டுமே விழுங்கும். லேசரின் நிறமோ மிகமிக நறுக்கானது. ஆகவே அந்த வாயுவுக்கு உரிய அலைநீளத்தில் லேசரை நிறுத்தினால் வேறு வாயு எதுவும் குறுக்கிட்டுக் குழப்புவது அரிது. கார்பன்-டை-ஆக்சைடு லேசர் வேலை செய்யும் ஒன்பது முதல் பதினொரு மைக்ரான் வரையிலான அலைநீளங்களை அம்மோனியா வாயு வலுவாக விழுங்கும். 2000இல் கலிஃபோர்னியாவில் படேல் தொடங்கிய பிரானலிட்டிகா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தொழிற்கூடங்களுக்கான லேசர் அம்மோனியா உணரியைப் பற்றி 2002இல் கட்டுரை எழுதினார்கள். தகட்டை வெட்டுவதற்குப் பேர்போன லேசர்தான் அதிலும் ஒளி மூலம். எண்ணூர்க்காரர்களுக்கு அம்மோனியா என்ற சொல்லை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். கண்ணெரிச்சல், தொண்டை எரிச்சல், மயக்கம். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்குள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியாவை இறக்கக் கடலுக்கடியில் ஒரு குழாய் உண்டு. அம்மோனியா திரவமாக இருக்கப் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி குளிர் வேண்டும் என்பதால், கப்பலிலிருந்து இறக்குமுன் குழாயையே குளிர்விப்பார்கள். அப்படிக் குளிர்வித்துக்கொண்டிருந்தபோதுதான் கசிவு. அந்த மாதத் தொடக்கத்தில் அடித்த மிக்ஜாம் புயலின் அலைகள் குழாயைச் சுற்றியிருந்த பாறைகளை நகர்த்திச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று பிறகு விசாரித்த நிபுணர் குழு கருதியது. ஆலை வாயிலுக்கு அருகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் இருந்தது, இருக்கலாம் என்பது 5. இந்த எண்களை அன்று எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. ஆனால் அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. இது முக்கியம். நிமிடங்களில் வந்து நிமிடங்களில் போகும் கசிவை ஒரு நாள் சராசரியில் கரைத்தால் அது காணாமலே போய்விடும். கசிவின் உச்சத்தில் குப்பத்து வாசலில் எவ்வளவு இருந்தது என்பதை வாயிலில் எடுத்த ஓர் அளவு சொல்லாது. குப்பத்தில் அன்று வேலை செய்த உணரி மனித மூக்கு ஒன்றுதான். மூக்கு உணர்ந்து சொல்லும்போது வாயு ஏற்கெனவே நெஞ்சுக்குள் போயிருக்கும்.

இந்த இடத்தில் லேசர் என்ன செய்திருக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். மதில் ஓரத்தில் ஒரு பெட்டி, சில நூறு மீட்டர் தள்ளி ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு கண்ணாடி. பெட்டிக்குள் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத குறைகடத்தி லேசர். அம்மோனியா விழுங்கும் ஒன்றரை மைக்ரான் அளவிலான அலைநீளத்தை ஒட்டி அதன் நிறத்தை நொடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். காற்று சுத்தமாக இருந்தால் போன ஒளி அப்படியே திரும்பும். வழியில் எங்காவது அம்மோனியா இருந்தால், சரியாக அந்த ஒரு நிறத்தில் மட்டும் ஒளி குறையும். எவ்வளவு குறைகிறதோ அதுவே வாயுவின் அளவு. ஓரிடத்தில் நட்டுவைக்கும் வேதியியல் உணரி தூண்டில் என்றால் இந்த லேசர் கதிர் வலை. காற்று கொஞ்சம் திசை மாறினாலும் வாயுப் படலம் தூண்டிலுக்கு அகப்படாமல் பக்கத்தில் நழுவிவிடும், வலையைத் தாண்டாமல் குப்பத்துக்குள் நுழைய முடியாது. இவை ஆய்வுக்கூடத்துப் பொம்மைகளும் அல்ல. அனல் மின் நிலையங்களின் புகைப்பாதையில் மீந்துபோகும் அம்மோனியாவை அளக்க உலகெங்கும் இதே வகை லேசர்கள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியா மாநிலம் 2017இல் சட்டம் இயற்றி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாம் 2020க்குள் மதில் ஓரக் கண்காணிப்பு வைக்க வேண்டும், அளவுகளை அப்போதைக்கப்போது மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று விதித்தது. ரிச்மண்ட் நகரில் உள்ள ஷெவ்ரான் ஆலை 2012இல் தீப்பற்றி எரிந்ததும், அந்த ஊர் மக்கள் விடாமல் கேட்டதும் அதற்குப் பின்னணி. அங்கே வீசுவது மட்டும் வேறு காற்றல்ல.

இங்கே வழக்கமாக எழும் முதல் மறுப்பு கடலோரத் தட்பவெப்பம் பற்றியது. உப்புக்காற்றில் கண்ணாடி மங்கும், மார்கழிப் பனியிலும் வடகிழக்குப் பருவமழையிலும் கதிர் மறைந்துபோகும் என்பார்கள். உண்மைதான், அடர்ந்த மழையில் இந்தக் கருவி குருடாகிவிடும். ஆனால் தான் குருடாகிவிட்டதை அது மறைப்பதில்லை. திரும்பி வரும் மொத்த ஒளி எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்வதால், வாயு இல்லை என்பதற்கும் பார்க்க முடியவில்லை என்பதற்கும் வேறுபாடு தெரியும். வேதியியல் உணரியிடம் இந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது. அது சில ஆண்டுகளில் தேய்ந்து உயிர்விட்ட பிறகும் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும், பார்ப்பவர் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்வார். கண்ணாடியைத் துடைக்க ஆள் வேண்டும், சுத்தமான காற்றை ஊதிக்கொண்டிருக்கும் மூடி வேண்டும், மழைநேரத்துக்குத் துணையாகச் சில வேதியியல் உணரிகளும் வேண்டும். அனல் மின் நிலையத்துக்குள் சாம்பல் நடுவே ஒளி அளவீட்டுக் கருவிகளைப் பராமரிக்கத் தெரிந்த வட்டாரத்துக்கு இது பெரிய வித்தையல்ல.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அளவுகளைப் பொதுவில் வைத்தால் பொய் எச்சரிக்கையில் ஊரே ஓடும், வதந்தி பரவும், நெரிசலில் உயிர் போகும் என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வதந்தி பிறப்பது தகவல் இருக்கும் இடத்திலா, இல்லாத இடத்திலா? 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவால் பாதிப்பில்லை என்றுதான் துறைமுகத் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. அடுத்தடுத்த நாள்களில் எர்ணாவூர்க் கரையில் கரிய எண்ணெய் தடிமனாக ஒதுங்கி, ஆட்கள் வாளி வாளியாக அள்ள வேண்டி வந்தது. அதன்பிறகு எண்ணூர் மக்கள் எந்த அதிகாரபூர்வ அறிவிப்பை எப்படி நம்புவார்கள்? பொய் எச்சரிக்கையைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு கதிர்கள் ஒன்றுபோலச் சொன்னால்தான் சங்கு ஊதுவது என்று வைக்கலாம். பல அளவுகளுக்குப் பல படிகள் வைக்கலாம். எந்தச் சங்குக்கு எந்தப் பக்கம் போவது என்று பள்ளிக்கூடத்திலும் மீனவர் கூட்டத்திலும் முன்கூட்டியே பழக்கலாம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டு அபாய இரசாயன விதிகள், விபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தைப் பற்றியும் செய்ய வேண்டியதைப் பற்றியும் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும் என்கின்றன. ஆக, மக்கள் பதறுவார்கள் என்று தகவலை மறைப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

செலவு என்ற மறுப்பை அதிக நேரம் பேச வேண்டியதில்லை. மதில் ஓர லேசர் ஒன்றின் விலை, பெரிய ஆலையில் நிற்கும் தகடு வெட்டும் எந்திரத்தின் விலையைவிடக் குறைவு. உர ஆலை விவகாரத்தில் அமைந்த நிபுணர் குழு, பழைய குழாயை எடுத்துவிட்டு நவீன கண்காணிப்புக் கருவிகளோடு புதுக் குழாய் போடச் சொன்னது. சுற்றுச்சூழல் இழப்பீடாக மதிப்பிடப்பட்ட தொகையோ 5.92 கோடி ரூபாய். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தானே விளங்கும்.

வாயுவைவிட வடசென்னைக்கு அன்றாடத் தொல்லை தூசி. வட சென்னை அனல் மின் நிலையத்தின் பழைய இரண்டு கட்டங்களின் திறன் 1,830 மெகாவாட், வல்லூர் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். எரிவது நிலக்கரி, மிஞ்சுவது மலைமலையாகச் சாம்பல். இங்கேயும் லேசர் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் மிகுந்த மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களுக்குத் தொடர் அளவீட்டுக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. புகைபோக்கிக்குக் குறுக்கே ஒளியைப் பாய்ச்சித் தூசியை அளப்பவை அந்தக் கருவிகளில் ஒரு வகை. சரி, ஆனால் எண்ணூரில் சாம்பல் ஊருக்குள் வருவது புகைபோக்கி வழியாக மட்டுமா? சாம்பல் குழம்பு போகும் குழாய்கள் வெடித்துக் கொசஸ்தலை ஆற்றில் கொட்டுகிறது. செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளம் கோடையில் காய்ந்து பறக்கிறது. நிலக்கரி லாரிகள் வேறு. இவற்றுக்கெல்லாம் புகைபோக்கி உச்சியில் இருக்கும் கருவி சாட்சி சொல்ல வராது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் லேசர் தூசி உணரிகள் வந்துவிட்டன. சின்ன மின்விசிறி ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும், சிதறலை எண்ணித் தூசியின் அளவைக் கணக்கிடும். இவை துல்லியமற்றவை என்று அதிகாரிகள் ஒதுக்குவதில் பாதி நியாயம் உண்டு. கடலோர ஈரத்தில் உப்புத்துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், உணரி அதைக் கூடுதல் தூசி என்று சொல்லும். மறுபக்கம், சாம்பலில் உள்ள பருமனான துகள்களை இது சரியாகப் பிடிப்பதில்லை, குறைத்துச் சொல்லும். ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்காது. மணலியிலும் ராயபுரத்திலும் அரசின் தரமான அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றனவே. சில உணரிகளை அவற்றின் பக்கத்திலேயே ஒரு பருவம் முழுக்க ஓடவிட்டு, ஈரப்பதத்துக்கு ஏற்பத் திருத்தக் கணக்குப் போட்டு, பிறகு குப்பங்களுக்கு எடுத்துப்போகலாம். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் தூசி ஏறுகிறது என்பதை இரண்டு நிலையங்கள் சொல்ல முடியாது, ஐம்பது உணரிகள் சொல்லிவிடும்.

எண்ணெயிலும் லேசருக்கு வேலை உண்டு. புற ஊதா லேசரைக் கடல்மேல் அடித்தால் எண்ணெய்ப் படலம் தனக்கே உரிய ஒளியில் மிளிரும், கடற்பாசியும் சேறும் வேறு விதமாக மிளிரும். கனடா அரசின் ஆய்வாளர்கள் இதை விமானத்தில் பொருத்திப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறார்கள். கரையில் கிடக்கும் கறுப்பு, எண்ணெயா சேறா என்று மேலிருந்தே சொல்லக்கூடிய கருவி இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்து, படகும் வலையும் கூழைக்கடாவின் சிறகும் கறுத்தபோது, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதிலேயே முதல் சில நாள்கள் கழிந்தன. இந்த லேசர், எண்ணெய் இலேசானதா கனமானதா என்ற வகையைச் சொல்லும். எந்த ஆலையின் எந்தத் தொட்டி என்று சொல்லாது, அதற்கு ஆய்வுக்கூடச் சோதனைதான். ஆனாலும் வடிகால் வாய்களில் இதன் சிறிய வடிவங்களை நிரந்தரமாக வைத்திருந்தால், எண்ணெய் ஆற்றைத் தொடும் நேரமாவது பதிவாகியிருக்கும். பழி யார் மீது என்ற சர்ச்சையில் நேரம் பெரிய சாட்சி.

வேலிக்குள்ளே இருப்பவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கையில் பிடித்து வெல்டிங் செய்யும் ஃபைபர் லேசர்கள் இப்போது சிறு பட்டறைகள் வரை வரத் தொடங்கியிருக்கின்றன. கப்பல் உடம்பின் துருவை மணல் பீற்றுக்குப் பதிலாக லேசரால் சுரண்டும் எந்திரங்களும் விற்பனைக்கு உண்டு. பழைய கார்பன்-டை-ஆக்சைடு லேசரின் ஒளி கண்ணின் முன்படலத்திலேயே நின்றுவிடும். ஃபைபர் லேசரின் ஒரு மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் புகுந்து விழித்திரையில் குவியும். ஆர்க் வெல்டிங்குக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது, அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலிருந்து எழும் புகையில் குரோமியம் இருக்கும், அதை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு வேண்டும். எந்திரத்தை வாங்கிவிட்டு இவற்றை விட்டுவிடுவது, தகட்டுக்கு உணரியும் மனிதனுக்கு மூக்கும் என்ற அதே பழைய ஏற்பாடுதான்.

கடைசியாக ஒரு மறுப்பு, இது எண்ணூர் பக்கம் போராடுபவர்களிடமிருந்தே வரும். நாங்கள் அளவைக் கேட்கவில்லை, ஆபத்தை அகற்றத்தான் கேட்கிறோம், அளந்துகொண்டே இருப்பது காலத்தைக் கடத்தும் தந்திரம் என்பார்கள். கசிவுக்குப் பிறகு மீனவக் கிராமங்கள் நூறு நாள் தாண்டியும் ஆலையை மூடச் சொல்லிப் போராடியதைப் பார்த்தவர்கள் இதை அலட்சியமாகப் பேச மாட்டார்கள். லேசர் உணரி மாசைக் குறைக்காது என்பது உண்மை. குழாய்க்குப் பக்கத்தில் குப்பம் இருப்பதை அது மாற்றாது. ஆனால் நீதிமன்றத்தில் ஆகட்டும், தீர்ப்பாயத்தில் ஆகட்டும், நாற்றம் அடித்தது என்ற வாக்குமூலத்துக்கும் நிமிடவாரியான பதிவுக்கும் கிடைக்கும் மதிப்பு ஒன்றல்ல. அளவு ஆலையின் கையில் மட்டும் இருக்கும்வரை வாதமும் ஆலையின் கையில்தான். அதைப் பொதுச்சொத்தாக்கினால் ஆலையை மூடச் சொல்பவர்களுக்கும் நடத்தச் சொல்பவர்களுக்கும் பேச ஒரு பொதுத்தளம் கிடைக்கும்.

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. தொழிற்சாலைகளின் மாசு அளவைத் தொடர்ந்து அளந்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 22 அன்றே உத்தரவிட்டுவிட்டது. மீதி இருப்பது, அந்த அளவீட்டைப் புகைபோக்கியிலிருந்து மதில் ஓரத்துக்கும் குழாய் கரையேறும் இடத்துக்கும் இறக்கிக்கொண்டுவருவது. ஆலைகளுக்கு வாரியம் கொடுக்கும் இசைவாணையில் அதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். அளவு ஆலையின் கணினியில் மட்டும் நில்லாமல் குப்பத்து முனையில் ஒரு பலகையில் தமிழில் ஓட வேண்டும் என்றும் எழுதலாம். எண்ணூரிலோ மணலியிலோ திருவொற்றியூரிலோ அடுத்த முறை பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: மதிலுக்கு வெளியே என்ன கருவி வைக்கப் போகிறீர்கள், அது காட்டும் எண்ணை நாங்கள் எங்கே பார்ப்பது? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.